'இன்னைக்கு முட்டை வரல': தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் செய்தித்தாள் நடத்தலாமா? எழுதினதை வெட்டுற உரிமை யாருக்கு?

காலை வழிபாட்டுக் கூட்டம். தமிழ்த்தாய் வாழ்த்து முடிஞ்சாச்சு. உறுதிமொழி ஆச்சு, திருக்குறளும் ஆச்சு. அடுத்து அஞ்சாம் வகுப்புப் பிள்ளை ஒண்ணு கையில துண்டுச்சீட்டோட முன்னாடி வந்து நிற்கும். "இன்றைய செய்திகள்!"

டெல்லியில் என்ன நடந்தது, சென்னையில் என்ன நடந்தது, கிரிக்கெட்டில் யார் ஜெயிச்சாங்க. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியில் படிச்ச யாருக்கும் இந்தக் காட்சி புதுசு இல்லை. இப்போ அந்தச் சீட்டை எழுதுற வேலைகூட குறைஞ்சிடுச்சு. ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் 'காலை வழிபாட்டுச் செயல்பாடுகள்' என்று குறள், பழமொழி, பொது அறிவு, செய்தி எல்லாம் ஒரே ஃபார்வர்டில் வந்துவிடுகிறது.

அந்தச் சீட்டில் வராத ஒரு செய்தி உண்டு. அந்தப் பள்ளிக்கூடம் இருக்கிற ஊரின் செய்தி. மக்காச்சோளத்தில் பன்றி இறங்கியது, கண்மாயில் தண்ணி வந்தது, டவுன் பஸ் ரெண்டு நாளா வராதது, சத்துணவில் முட்டை இல்லாதது. பிள்ளைகளுக்கு இதெல்லாம் நல்லாவே தெரியும். ஆனா இது 'செய்தி' என்று அவங்ககிட்ட யாரும் சொன்னதில்லை.

ஒரு தொடக்கப் பள்ளியில், அதாவது ஒண்ணு முதல் அஞ்சு வரை படிக்கிற பிள்ளைகளே ஒரு செய்தித்தாள் நடத்த முடியுமா? அதுக்கு அனுமதி வேணுமா? எழுதினது தலைமை ஆசிரியருக்குப் பிடிக்கலைன்னா என்ன ஆகும்? கடைசிக் கேள்விதான் இதில் உண்மையான கேள்வி. வாங்க, ஒவ்வொண்ணா பார்ப்போம்.

ஏன் ஓட்டப்பிடாரம்?

உதாரணத்துக்கு ஓட்டப்பிடாரம் வட்டாரத்தில் ஒரு ஊராட்சி ஒன்றிய தொடக்கப் பள்ளியை மனசுல வச்சுக்கோங்க. கரிசல் காடு. மழையை நம்பின புஞ்சை. உளுந்து, பாசி, மக்காச்சோளம், பருத்தி, மிளகாய். தூரத்தில் காற்றாலைகள் சுத்திக்கிட்டே இருக்கும். பள்ளியில் ரெண்டு ஆசிரியர். கல்வி உரிமைச் சட்டத்தின்படி 60 பிள்ளைகள் வரைக்கும் ரெண்டு ஆசிரியர்தான் கணக்கு. அதனால் ஒரே அறையில் மூணு வகுப்பு சேர்ந்து உட்கார்வது சகஜம்.

இந்த ஊரைத் தேர்ந்தெடுக்க இன்னொரு காரணமும் இருக்கு. வ.உ.சிதம்பரனார் பிறந்தது ஓட்டப்பிடாரத்தில், 1872 செப்டம்பர் 5. பாரதியார் பிறந்தது பக்கத்தில் எட்டயபுரத்தில், 1882 டிசம்பர் 11. ஒருத்தர் 1906-ல் கப்பல் கம்பெனி தொடங்கினார். இன்னொருத்தர் அதே காலத்தில் 'இந்தியா' வார இதழில் எழுதி, கருத்துப்படம் போட்டு, வெள்ளைக்காரன் கண்ணில் விழுந்து, 1908-ல் புதுச்சேரிக்குப் போக வேண்டியதாச்சு. அதுக்கு முன்னாடி 1904-ல் பாரதி 'சுதேசமித்திர'னில் உதவி ஆசிரியர். நம்ம பாஷையில் சொன்னா சப்-எடிட்டர். (எங்க டெஸ்க்கில் இதைச் சொல்லி நாங்க அப்பப்போ பெருமைப்பட்டுக்கிறது உண்டு. சம்பளம் மட்டும் அப்பவும் இப்பவும் பெருசா மாறலை.)

ரெண்டு பேர் படமும் இந்தப் பக்கத்துப் பள்ளிச் சுவர்களில் இருக்கும். பிறந்தநாளுக்குப் பேச்சுப் போட்டி நடக்கும். பேச்சை ஆசிரியரோ அப்பாவோ எழுதிக் கொடுப்பாங்க, பிள்ளை மனப்பாடம் பண்ணிச் சொல்லும். பத்திரிகைக்காரனின் ஊரில், பிள்ளைகள் சொந்தமா ஒரு செய்தி எழுதுற வழக்கம் பெரும்பாலும் இல்லை.

அரசே இதழ் நடத்துதே, அது போதாதா?

நியாயமான கேள்வி. தமிழ்நாடு பள்ளிக்கல்வித் துறை 2022-ல் தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு 'ஊஞ்சல்', அதுக்கு மேல் உள்ளவர்களுக்கு 'தேன்சிட்டு', ஆசிரியர்களுக்கு 'கனவு ஆசிரியர்' என்று மூணு இதழ்களைக் கொண்டுவந்தது. வண்ணப் படங்கள், கதை, பாட்டு, புதிர் என்று நல்லா இருக்கு. பிள்ளைகளின் படைப்புகளும் வருது. அதுக்கு முன்னாடியே 1987 முதல் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் 'துளிர்' வந்துக்கிட்டு இருக்கு.

ஆனா இவை எல்லாம் பிள்ளைகளுக்காகப் பெரியவர்கள் நடத்துகிற இதழ்கள். மாநிலம் முழுக்கப் போகிற இதழில், ஒரு கரிசல் கிராமத்துக் குழாயில் மூணு நாளா தண்ணி வரலை என்ற செய்திக்கு இடம் கிடையாது. இடம் கொடுத்தாலும் அச்சாகி வருவதற்குள் குழாய் சரியாகியிருக்கும்.

ஆண்டு மலர் வேறு கதை. முதல் பக்கம் அமைச்சர் வாழ்த்து, ரெண்டாம் பக்கம் அதிகாரி வாழ்த்து, மூணாம் பக்கம் தாளாளர் வாழ்த்து. பிள்ளைகள் வர்றதுக்குள்ள பாதிப் புத்தகம் முடிஞ்சிடும்.

நாம பேசுறது இதுகளை விட ரொம்பச் சின்ன விஷயம். வாரத்துக்கு ஒரு தடவை, ஒரு சார்ட் பேப்பரில், பிள்ளைகள் கையெழுத்தில், பள்ளிச் சுவரில் ஒட்டுகிற தாள். சுவர்ப் பத்திரிகை. தமிழில் கையெழுத்துப் பத்திரிகைக்கு நீண்ட மரபு உண்டு. ஊர்ப் படிப்பகத்தில் நாலு பசங்க சேர்ந்து ஒரே பிரதி எழுதி, அதைச் சுற்றுக்கு விட்டுப் படிச்சது நம்ம தாத்தா காலத்துக் கதை. சென்னை திருவல்லிக்கேணியில் 1927-ல் தொடங்கின 'முசல்மான்' உருது நாளிதழ் கையால் எழுதி அச்சிடப்படுவதற்கே பேர் போனது. அதனால் 'கையால எழுதினா அது பத்திரிகையா?' என்று யாராவது கேட்டா, பதில் கைவசம் இருக்கு.

இன்னொரு வசதியும் ஏற்கெனவே சுவரிலேயே இருக்கு. செயல்வழிக் கற்றல் 2007-ல் மாநிலம் முழுக்கப் போனப்போ, வகுப்பறைச் சுவரைச் சுத்தி பிள்ளைகள் உயரத்துக்குக் கரும்பலகை போட்டாங்க. பல பள்ளிகளில் இன்னும் இருக்கு. அதுக்கு மேல ஒட்டினா ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைக்கும் எட்டும். அறிவிப்புப் பலகையில் பெரியவர் உயரத்தில் ஒட்டினா அது பிள்ளைகளுக்கான தாள் இல்லை, ஆய்வுக்கு வர்ற அதிகாரிக்கான தாள்.

எழுதவே தெரியாத பிள்ளை எப்படி நிருபர் ஆகும்?

ஒண்ணாம் வகுப்பும் ரெண்டாம் வகுப்பும் இப்போதான் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் எழுத்துக் கூட்டிக்கிட்டு இருக்கும். அதுங்க எப்படிச் செய்தி எழுதும்?

இதுக்கு டெல்லியில் ஒரு பதில் இருக்கு. 2003-ல் தெருவோரக் குழந்தைகளும் வேலை செய்கிற குழந்தைகளும் சேர்ந்து 'பாலக்நாமா' என்ற செய்தித்தாளைத் தொடங்கினாங்க. 'சேத்னா' என்ற தொண்டு நிறுவனம் துணை நின்றது. அதில் ரெண்டு வகை நிருபர்கள். எழுதத் தெரிந்தவர்கள் எழுதுவாங்க. எழுதத் தெரியாதவர்கள் 'வாய்மொழி நிருபர்'. பார்த்ததை வந்து சொன்னா போதும், இன்னொரு பிள்ளை அதை எழுதும். ரெயில்வே நடைமேடையிலும் குப்பை பொறுக்கும் இடத்திலும் நடக்கிறது வெளியே தெரிய வந்தது இப்படித்தான்.

நம்ம பள்ளியில் இதை அப்படியே செய்யலாம். ரெண்டாம் வகுப்பு முனீஸ்வரி வந்து (பேர் சும்மா உதாரணத்துக்கு) "எங்க ஆடு ரெண்டு குட்டி போட்டுச்சு" என்று சொல்லும். நாலாம் வகுப்புப் பிள்ளை பேனாவை எடுத்துக்கிட்டுத் திருப்பிக் கேட்கும். எப்போ? ராத்திரியா, காலையிலயா? என்ன கலர்? யார் முதல்ல பார்த்தது? சின்னது சொல்லச் சொல்ல பெருசு எழுதும். இதுதான் பேட்டி. இதுக்குப் பாடத்திட்டத்தில் என்ன பேர் வச்சாலும் சரி, ரெண்டு பிள்ளைக்கும் ஒரே நேரத்தில் மொழிப் பாடம் நடந்துவிட்டது.

பெரிய வேலையும் இல்லை. வாரத்தில் ஒரு தமிழ்ப் பாடவேளை போதும். வெள்ளிக்கிழமை எழுதி, திங்கட்கிழமை ஒட்டலாம். ஆசிரியர் குழு மாசத்துக்கு ஒரு தடவை மாறணும். இல்லைன்னா நல்லாப் படிக்கிற, கையெழுத்து அழகா இருக்கிற ரெண்டு பிள்ளைகளே வருஷம் பூரா எழுதும், மத்ததெல்லாம் வேடிக்கை பார்க்கும். பள்ளி இதழ்கள் செத்துப்போகிற முதல் காரணமே இந்தக் கையெழுத்து ஆசைதான் என்பேன்.

எழுத்துப்பிழை? சிவப்பு மையால் திருத்தி ஒட்டினா அடுத்த வாரம் அந்தப் பிள்ளை செய்தி கொண்டு வராது. ஒட்டுறதுக்கு முன்னாடி எல்லாரும் சேர்ந்து கரும்பலகையில் வாசிச்சுத் திருத்திக்கலாம். வட்டார வழக்கை மட்டும் பிழைன்னு அடிச்சிடாதீங்க. பிள்ளை 'கம்மாய்' என்று எழுதினா அது கம்மாய்தான். இதே மண்ணின் பேச்சுச் சொற்களைச் சேர்த்துத்தான் இடைசெவல் கி.ராஜநாராயணன் 'கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி'யே தொகுத்தார். இதே பக்கத்து உருளைக்குடிக்காரர் சோ.தர்மன் ஒரு கண்மாயை மையமா வச்சு எழுதின 'சூல்' நாவல் 2019-ல் சாகித்ய அகாடமி விருது வாங்கினது. பாட்டியிடம் கேட்டு வாரம் ஒரு சொல் என்று ஒரு மூலை ஒதுக்கினா, அந்தப் பத்திக்குச் சரக்கு தீராது.

தலைப்பு வைக்கிறது, ஓவியம், பிறந்தநாள் வாழ்த்து, விடுகதை எல்லாம் பிள்ளைகளே பார்த்துக்குவாங்க. அதில் நாம் தலையிட ஒண்ணும் இல்லை.

யார் சொன்னா?

ஆசிரியர் தலையிட வேண்டிய ஒரே இடம் இந்தக் கேள்வி. "யார் சொன்னா? நீயே பார்த்தியா?"

ஏழு வயசுப் பிள்ளை கேட்டதையும் பார்த்ததையும் நினைச்சதையும் ஒண்ணாக் கலந்து சொல்லும். 'கம்மாய்ல முதலை வந்துருச்சு' என்று வரும். அதைச் சிரிச்சு ஒதுக்காம, "சரி, யார் பார்த்தது? அவங்ககிட்டப் போய்க் கேட்டுட்டு வா" என்று அனுப்பினா போதும். போய்க் கேட்டுட்டு வந்து, "உடும்பாம் டீச்சர்" என்று சொல்லும்போது அந்தப் பிள்ளை ஒரு செய்தியைச் சரிபார்த்துவிட்டது. வாட்ஸ்அப்பில் வந்ததை அப்படியே தட்டிவிடுற பெரியவங்களை விட ஒரு படி மேல. டெஸ்க்கில் அவசரத்தில் நானே இந்தக் கேள்வியைக் கேட்காம விட்ட நாட்கள் உண்டு. அடுத்த அரை மணி நேரத்தில் தலைப்பை மாத்தின நாட்களும் உண்டு.

அதனால் தாளின் ஒரு ஓரத்தில் 'போன வாரத் தப்பு' என்று ஒரு கட்டம் கண்டிப்பா வேணும். தப்பு விட்டா ஒத்துக்கிட்டு எழுதலாம், அதுக்கு அடி கிடையாது என்று பிள்ளை தெரிஞ்சுக்கிற இடம் அது.

சரி, இப்போ முட்டை

மேலே சொன்னது வரைக்கும் யாருக்கும் ஆட்சேபணை இருக்காது. ஆடு குட்டி போட்டதுக்கு யார் கோபப்படப் போறாங்க? பிரச்சினை எப்போ தொடங்கும்னா, ஒரு வியாழக்கிழமை மூணாம் வகுப்புப் பையன் "இன்னைக்கு முட்டை வரல" என்று எழுதும்போது.

செய்தி உண்மை. பிள்ளை நேரில் பார்த்தது. எல்லாருக்கும் தெரிஞ்சது. ஆனா சுவரில் ஒட்டினா, ஆய்வுக்கு வர்றவர் கண்ணில் படும். சத்துணவு அமைப்பாளருக்குக் கஷ்டம், தலைமை ஆசிரியருக்கு விளக்கம் எழுதுற வேலை. "இதெல்லாம் எதுக்குப்பா, ஒரு திருக்குறள் எழுது" என்று சொல்லத் தோணும். அந்த ஒரு வாக்கியத்தோடு பத்திரிகை முடிஞ்சது. அடுத்த வாரம் முதல் அது வெறும் சார்ட் பேப்பர். எதை எழுதினா பெரியவங்க சிரிப்பாங்க, எதை எழுதினா முகம் சுருங்கும் என்று பிள்ளைகளுக்கு ஒரே தடவையில் புரிஞ்சிடும்.

இதே விஷயம் ஸ்காட்லாந்தில் உலகச் செய்தி ஆச்சு. 2012-ல் லாக்கில்ப்ஹெட் என்ற சின்ன ஊரில் தொடக்கப் பள்ளியில் படித்த 9 வயது மார்த்தா பெய்ன், தினமும் பள்ளி மதிய உணவைப் படம் எடுத்து, பத்துக்கு இத்தனை மார்க் என்று போட்டு இணையத்தில் எழுத ஆரம்பிச்சாள். எத்தனை வாய் சாப்பிட்டேன், சாப்பாட்டில் முடி கிடந்ததா என்றெல்லாம் கணக்கு. படம் பரவி, பத்திரிகைகள் எழுத ஆரம்பிச்சதும், ஜூன் மாதம் உள்ளாட்சி நிர்வாகம் 'இனிமே படம் எடுக்கக் கூடாது' என்று தடை போட்டது. நாடே கொந்தளிச்சது. மறுநாளே தடை வாபஸ். அந்தப் பரபரப்பில் ஏழை நாட்டுப் பிள்ளைகளின் பள்ளி உணவுக்காக அவள் திரட்டின நன்கொடை ஒரு லட்சம் பவுண்டைத் தாண்டியது.

நம்ம நாட்டில் இவ்வளவு இனிமையா முடியாது என்பதற்கும் உதாரணம் இருக்கு. 2019 ஆகஸ்டில் உத்தரப் பிரதேசம் மிர்சாபூர் மாவட்டத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் பிள்ளைகள் ரொட்டியை உப்புத் தொட்டுச் சாப்பிடுவதை வீடியோ எடுத்த பத்திரிகையாளர் பவன் ஜெய்ஸ்வால் மீது சதி வழக்கு போட்டாங்க. சில மாசம் கழிச்சுத்தான் அவர் பெயர் வழக்கிலிருந்து நீங்கியது. பெரிய பத்திரிகையாளருக்கே இந்தக் கதின்னா, ரெண்டு ஆசிரியர் பள்ளியின் தலைமை ஆசிரியர் பயப்படுவதில் என்ன ஆச்சரியம்? அவரைக் கோழைன்னு சொல்ல எனக்கு மனசு வரலை.

இத்தனைக்கும், 1956-ல் காமராஜர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தது இதே எட்டயபுரத்தில்தான். பள்ளிச் சாப்பாடு இந்த மண்ணில் பெருமையான விஷயம். முட்டை வந்த நாளையும் வராத நாளையும் பிள்ளைகள் குறிச்சு வைப்பது அந்தப் பெருமைக்கு எதிரானதா, பாதுகாப்பானதா என்பதை ஒவ்வொரு பள்ளியும் முதல் இதழுக்கு முன்னாடியே பேசி முடிவு பண்ணிக்கணும். செய்தி வந்த பிறகு பேசினா, அது முடிவா இருக்காது, தணிக்கையாத்தான் இருக்கும்.

சட்டம் யார் பக்கம்?

கல்வி உரிமைச் சட்டம் 2009-ஐப் பற்றிப் பேசும்போது எல்லாரும் 25 சதவீத இட ஒதுக்கீட்டைத்தான் சொல்வாங்க. அதே சட்டத்தின் 29-வது பிரிவில் இன்னொண்ணு இருக்கு. பாடத்திட்டம் எப்படி இருக்கணும் என்று சொல்ற இடத்தில், பிள்ளைகளைப் பயம், பதற்றம் இல்லாமல் ஆக்கி, தங்கள் கருத்தைச் சுதந்திரமாகச் சொல்ல உதவணும் என்று எழுதியிருக்கு. ஆக, பிள்ளை கருத்துச் சொல்றது ஆசிரியர் போனா போகுதுன்னு தர்ற சலுகை இல்லை. கற்பித்தலின் பகுதி. இந்தியா 1992-ல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 13-வது பிரிவும் குழந்தைகளுக்குக் கருத்துச் சுதந்திரம் உண்டு என்கிறது.

அதே கல்வி உரிமைச் சட்டத்தின் 21-வது பிரிவுதான் பள்ளி மேலாண்மைக் குழு. நாலில் மூணு பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள், பள்ளி எப்படி நடக்குதுன்னு கண்காணிப்பது அவங்க வேலை. இங்கேதான் எனக்கு ஒரு வழி தெரியுது. சுவரில் ஒட்டின நாலு வாரத் தாள்களைக் குழுக் கூட்டத்தில் ஒரு பிள்ளை வந்து வாசிக்கட்டும். 'முட்டை வரல', 'கழிவறையில் தாழ்ப்பாள் இல்லை' என்பதெல்லாம் அப்போ தலைமை ஆசிரியருக்கு எதிரான புகார் ஆகாது, குழுவின் அஜெண்டா ஆகும். பொறுப்பும் பயமும் ஒருத்தர் தலையில் மட்டும் இருக்காது. அடுத்த தாளில் பதிலையும் போடலாம்: "லாரி வராததால் முட்டை வரவில்லை, திங்கள் முதல் வரும் என்று சத்துணவு அம்மா சொன்னார்." பாதிப்பட்டவங்க தரப்பையும் கேட்டு எழுதுறது என்று நாங்க சொல்றது இதைத்தான்.

பதிவு செய்யணுமா? பழைய 1867-ம் ஆண்டு பத்திரிகைச் சட்டத்துக்குப் பதிலா வந்த 2023-ம் ஆண்டு பருவ இதழ்கள் பதிவுச் சட்டம் 2024 மார்ச் 1 முதல் அமலில் இருக்கு. அது குறிப்பிட்ட இடைவெளியில் அச்சிட்டு வெளியிடப்படுகிற, பொதுச் செய்திகள் கொண்ட இதழ்களுக்கானது. சுவரில் ஒட்டுற ஒரே ஒரு கையெழுத்துப் பிரதி அந்த வகையில் வராது. அச்சடிச்சு மாசாமாசம் ஊர் முழுக்க விற்கிற அளவுக்கு வளர்ந்தா, அப்போ பதிவு பற்றி யோசிக்கலாம். அந்த நாள் வந்தா சந்தோஷம்தான்.

ரொம்பக் கவனமா இருக்க வேண்டிய சட்டம் வேறு. ஏதாவது வழக்கிலோ விசாரணையிலோ சம்பந்தப்பட்ட குழந்தையின் பெயர், படம், பள்ளி என்று அடையாளம் தெரிகிற எதையும் வெளியிடக் கூடாது என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவு சொல்கிறது. மீறினா 6 மாதம் வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது ரெண்டும். போக்சோ சட்டத்தின் 23-வது பிரிவும் இதேபோல. எந்தப் பிள்ளையாவது வீட்டில் நடக்கிற கொடுமையை 'செய்தி'யாக எழுதிக் கொண்டு வந்தா, அது சுவருக்குப் போகிற தாள் இல்லை. ஆசிரியர் உடனே 1098-க்கு அழைக்க வேண்டிய விஷயம்.

அதோட இன்னொரு பழக்கத்தையும் சொல்லியே ஆகணும். ஒட்டின கையோடு தாளைப் படம் பிடிச்சு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், ஃபேஸ்புக். சுவரில் இருக்கிற வரைக்கும் அது ஐம்பது பேர் படிக்கிற தாள். 'எங்க அப்பா குடிச்சிட்டு வந்தாங்க' என்று ஒரு பிள்ளை வெள்ளந்தியா எழுதின வரி, போனில் ஏறினா ஊர் தாண்டும். திரும்ப எடுக்க முடியாது.

சாதி வந்தால்?

இதைத் தொடாம இந்தப் பகுதியில் பள்ளிச் செய்தித்தாள் பற்றிப் பேச முடியாது. 2023 செப்டம்பரில் எட்டயபுரம் பக்கத்து உசிலம்பட்டி (மதுரை மாவட்டத்து உசிலம்பட்டி இல்லை) தொடக்கப் பள்ளி செய்தியில் வந்தது நினைவிருக்கலாம். பட்டியல் சமூகத்துப் பெண் சமைத்த காலை உணவைப் பெரும்பாலான பிள்ளைகள் சாப்பிடவில்லை. மொத்தமே பத்துப் பதினோரு பிள்ளைகள் படிக்கிற பள்ளி. காரணம் பற்றி ஊருக்குள்ளேயே வேற வேற விளக்கம் சொன்னாங்க. கனிமொழி எம்.பி.யும் அமைச்சர் கீதா ஜீவனும் நேரில் போய்ப் பேசினாங்க, பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டாங்க.

எல்லாச் சேனலும் அந்தச் செய்தியைப் போட்டது. கேமரா முன்னாடி பெற்றோர் பேசினாங்க, தலைவர்கள் பேசினாங்க. அந்த வாரம் அந்தப் பள்ளியில் ஒரு சுவர்ப் பத்திரிகை இருந்திருந்தா பிள்ளைகள் என்ன எழுதியிருப்பாங்க என்று நான் பல தடவை யோசிச்சிருக்கேன். ஒருவேளை கார் எத்தனை வந்ததுன்னு எண்ணி எழுதியிருக்கும். ஒருவேளை "எனக்குப் பசிச்சது, ஆனா வீட்டில் சாப்பிடக் கூடாதுன்னாங்க" என்று எழுதியிருக்கும். அப்படி ஒரு வரி வந்தா ஒட்டுறதா, வேண்டாமா?

என் அபிப்ராயம்: பேரோட ஒட்டக் கூடாது. அந்தப் பிள்ளை சாயங்காலம் அதே வீட்டுக்குத்தான் போகணும். ஆனா வகுப்பில் பேசாம மூடி வைக்கவும் கூடாது. நாங்குநேரிச் சம்பவத்துக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024-ல் அறிக்கை கொடுத்தப்போ கையில் கட்டுற வண்ணக் கயிறு பற்றித்தான் ஊரெல்லாம் பேசிச்சு. கயிறு கட்டுறதுக்கு முந்தின வயசு இந்தத் தொடக்கப் பள்ளி வயசு. ஆசிரியர் குழுவில் எல்லாத் தெருப் பிள்ளைகளும் சுழற்சியில் வருதா, மேலத்தெரு செய்தி மாதிரியே கீழத்தெரு செய்தியும் வருதா, ஒரு பிள்ளை இன்னொரு தெருவுக்குப் போய்ப் பேட்டி எடுக்குதா என்று பார்த்தாலே பாதி வேலை ஆச்சு. போக விடமாட்டேன்னு ஒரு வீடு சொன்னா, அதுவும் அந்த ஊர் பற்றின செய்திதான், ஆசிரியருக்கு மட்டும்.

தலைமை ஆசிரியர் தாளை நிறுத்தி வைக்கலாமா என்றால், ரெண்டு காரணத்துக்கு நிறுத்தலாம். ஒரு பிள்ளைக்கோ வேறு யாருக்கோ அதனால் ஆபத்து, அவமானம் வரும் என்றால். இல்லை, செய்தி இன்னும் சரிபார்க்கப்படவில்லை என்றால். 'பள்ளிக்குக் கெட்ட பேர்' மூணாவது காரணம் ஆகக் கூடாது. நிறுத்தினா ஏன்னு அந்தப் பிள்ளைகிட்ட சொல்லணும்.

ஆசிரியருக்கு என்ன ஆகும்?

இந்த யோசனையின் தாத்தா பிரான்ஸ்காரர். செலஸ்தேன் ஃப்ரெனே. முதல் உலகப் போரில் நுரையீரலில் குண்டடி பட்டு, சத்தமா நீண்ட நேரம் பேச முடியாத கிராமத்து வாத்தியார். பேச முடியாதவர், பிள்ளைகளைப் பேச வச்சார். அவங்களை ஊரைச் சுற்றி நடக்கக் கூட்டிப் போனார், பார்த்ததை எழுதச் சொன்னார். 1924 வாக்கில் ஒரு குட்டி அச்சு இயந்திரம் வாங்கி வகுப்பில் வைக்க, பிள்ளைகளே எழுத்துக் கோத்து அச்சடிச்சாங்க. நாட்டின் இன்னொரு கோடியில், கடலோரப் பிரித்தானிப் பகுதிப் பள்ளியோடு தாள்களைப் பரிமாறிக்கிட்டாங்க. மலைக்கிராமத்துப் பிள்ளைகள் மீன்பிடிப் படகைப் பற்றித் தெரிஞ்சுக்கிட்டது அப்படித்தான். ஓட்டப்பிடாரம் பள்ளித் தாள் ஒண்ணு திரேஸ்புரம் கடற்கரைப் பள்ளிக்குப் போய், அங்கிருந்து ஒண்ணு இங்கே வந்தா எப்படி இருக்கும்? ஒரு மணி நேரப் பஸ் தூரம்தான்.

ஃப்ரெனேயின் கதை அதோடு முடியலை. 1930-களின் தொடக்கத்தில் அவர் செயின்ட் பால் என்ற ஊரில் வேலை பார்த்தப்போ, ஒரு பையன் தான் கண்ட கனவை எழுதினான். அதில் ஊர் மேயரை எதிர்த்துச் சண்டை. அந்தத் தாளை எடுத்து எதிர்ப்பாளர்கள் போஸ்டர் அடிச்சு ஊரெங்கும் ஒட்டிட்டாங்க. 'பிள்ளைகளைக் கெடுக்கிறார்' என்று போராட்டம். கடைசியில் 1933-ல் அவர் அந்தப் பள்ளியை விட்டுப் போக வேண்டியதாச்சு. 1935-ல் பக்கத்திலேயே சொந்தமா ஒரு பள்ளி தொடங்கினார். அவர் முறை பிறகு பல நாடுகளுக்குப் போனது.

நம்ம ஊர் அரசு ஆசிரியரால் சொந்தப் பள்ளி தொடங்க முடியாது. அவருக்கு மாறுதல் உத்தரவு, விளக்கக் கடிதம் எல்லாம் நிஜமான பயம். அரசு ஊழியர் ஊடகத்தோடு பேசுவதற்கே நடத்தை விதிகளில் கட்டுப்பாடு இருக்கு. அதனால்தான் எழுத்தில் ஒரு பாதுகாப்பு வேணும் என்கிறேன். பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு, 'வாரந்தோறும் மாணவர் சுவர்ப் பத்திரிகை நடத்தப்படும், நிறுத்தி வைக்க இன்ன ரெண்டு காரணம்தான்' என்று பதிவேட்டில் எழுதி, வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கு ஒரு நகல் கொடுத்துடலாம். ஆசிரியர் தனியா நிற்கிறதுக்கும் ஒரு குழுவோட தீர்மானத்தோடு நிற்கிறதுக்கும் வித்தியாசம் இருக்கு.

பழைய தாள்களை என்ன செய்வது?

பெரும்பாலும் அடுத்த தாளை அதுக்கு மேலேயே ஒட்டுவாங்க. அப்படிச் செய்ய வேண்டாம். கழற்றித் தேதி போட்டு ஒரு கட்டில் சேர்த்துக்கணும். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை என்று எல்லாருக்கும் தெரியும். அது மழைமானி சொன்ன கணக்கு. அந்த வாரம் தன் ஊர்க் கண்மாய் எந்தப் பக்கம் உடைஞ்சது, எத்தனை நாள் பஸ் வரலை, யார் வீட்டில் சோறு பொங்கி எல்லாருக்கும் போட்டாங்க என்ற கணக்கு எந்த ஆபீசிலும் இருக்காது.

மானாவாரி ஊரில் முதல் மழை என்னைக்குப் பெய்தது, விதைப்பு என்னைக்கு, கண்மாய் எப்போ நிறைஞ்சது என்று நாலாம் வகுப்புப் பிள்ளை தேதியோட எழுதி வச்சா, அஞ்சு வருஷத்தில் அதைத் தேடி வர்றவங்க இருப்பாங்க. பயிர்க் காப்பீட்டுக்கு அலைகிற அதே ஊர் விவசாயிகூட வரலாம். கரையான் ஏறாம ஒரு தகரப் பெட்டி மட்டும் வேணும். சாவி அஞ்சாம் வகுப்பிடம் இருக்கட்டும். ஏப்ரலில் அவங்க ஆறாம் வகுப்புக்கு வேற பள்ளிக்குப் போகும்போது, நாலாம் வகுப்பிடம் எண்ணிக் கொடுத்துட்டுப் போகணும்.